யார் வாசலுக்கு யார் போவது?

தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் ஒன்று ஓய்ந்ததும் முதலில் நடப்பது சமாதானக் கூட்டம். கோட்டாட்சியரோ வட்டாட்சியரோ தலைமை வகிக்க, காவல்துறை அதிகாரிகள் உடனிருக்க, இரு தரப்பிலும் பெரியவர்கள் எனப்படுவோர் வரவழைக்கப்பட்டு, இனி எந்தப் பிரச்சினையும் செய்ய மாட்டோம் என்று எழுதிய தாளில் கையெழுத்திடுவார்கள். அந்தக் கூட்டம் அவசியமானது. அது நடக்காவிட்டால் மறுவாரமே இன்னொரு வாழைத்தோட்டம் வெட்டிச் சாய்க்கப்படும். ஆனால் கையெழுத்திட்டவர்களில் இழவு விழுந்த வீட்டார் அநேகமாக இருப்பதில்லை. போலீஸ் வேன் ஊரைவிட்டுப் போன பிறகு, மகனைப் பறிகொடுத்தவளும் அவனை வெட்டியவனின் தாயும் ஒரே ரேஷன் கடை வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. ஊர்ச் சமாதானத்தில் கிறிஸ்தவ விசுவாசத்துக்கு ஒரு வேலை உண்டென்றால் அது அந்த வரிசையில்தான் தொடங்குகிறது. நம்பியாற்றுப் பக்கத்து ஊர் ஒன்றில் மிஷன் பள்ளி ஆசிரியையாகவும் சபை மன்ற உறுப்பினராகவும் நெடுங்காலம் இருந்து கண்டதை வைத்து இதை எழுதுகிறேன்.

நான் சொல்லப்போவது தொண்ணூறுகளின் பிற்பாதியில் நடந்தது. 1995 ஆகஸ்ட் 31-ஆம் தேதி கொடியன்குளத்தில் காவல்துறையின் நடவடிக்கையில் ஓர் ஊரே தன் உடைமைகளை இழந்தது. அதற்குப் பிறகு நெல்லைச் சீமையில் அமைதியான மாதம் என்று ஒன்று அரிதாகவே இருந்தது. மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் சூட்டியிருந்த தலைவர்களின் பெயர்களை 1997-இல் அரசு ஒட்டுமொத்தமாக நீக்க வேண்டிய அளவுக்குப் பேருந்தின் பெயர்ப்பலகைகூட அடிதடிக்குக் காரணமான காலம் அது. எங்கள் ஊரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெருக்கள். சாதிப் பெயர்களை நான் எழுதப்போவதில்லை. படிக்கிறவர் முதலில் தேடுவது அதைத்தான், கிடைத்ததும் பாதிப் பேர் தீர்ப்பையும் எழுதி முடித்துவிடுவார்கள். ஆனால் ஒன்றை மறைப்பது அநியாயம். நிலமும் கடையும் மேலத்தெருவிடம் இருந்தன. கீழத்தெருவினர் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த கூலிக்காரர்கள். இரண்டு தெருவிலும் கிறிஸ்தவர்கள் உண்டு, இரண்டும் ஒரே சேகரம், அதாவது ஒரே போதகரின் பொறுப்பில் உள்ளவை. எங்கள் கோயிலான தேவாலயம் இருப்பது மேலத்தெருவில். நான் மேலத்தெருக்காரி.

பேருந்து நிறுத்தத்தில் இளைஞர்களுக்குள் தொடங்கிய வாய்ச்சண்டை, வைக்கோல் படப்பு எரிந்ததிலும் வாழைகள் சாய்ந்ததிலும் கீழத்தெரு வீடுகளின் ஓடுகள் நொறுங்கியதிலும் போய், கடைசியில் கீழத்தெரு இளைஞன் ஒருவனின் கொலையில் முடிந்தது. இறந்தவன் என்னிடம் படித்தவன். கைதானவர்களிலும் என்னிடம் படித்தவர்கள் இருந்தார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், ஏழெழுபது தரம் மன்னிக்கச் சொன்ன வசனத்தை எடுத்து உருக்கமாகப் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் முழுக்க மேலத்தெருவார். மன்னிக்க வேண்டியவர்கள் ஒருவரும் கோயிலுக்கு வந்திருக்கவில்லை. அன்று மாலை நான் அந்த இழவு வீட்டுக்குப் போனபோது, இறந்தவனின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஜெபம் பண்ணுங்க டீச்சர். மன்னிக்க மட்டும் சொல்லிராதீங்க" என்றாள். யாரோ அதற்குள் அவளிடம் போய் அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

கலவரத்துக்குப் பிந்திய ஊர்களில் பிரசங்கம் அநேகமாக இந்தத் திசையில்தான் போகிறது: அடிபட்டவனைப் பார்த்து மன்னி என்கிறது. ஆனால் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் சொல்லும் வரிசை வேறு. காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தவன், தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைத்தால், காணிக்கையை அப்படியே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாக வேண்டும். நடக்க வேண்டியவன் குறைக்குக் காரணமானவன். ஆராதனை அவன் திரும்பி வரும்வரை காத்திருக்கும். எங்கள் சேகரத்து ஐயர் (போதகரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) இந்த வசனத்தைத்தான் எடுத்தார். எடுத்ததோடு நிற்காமல், கீழத்தெருவினர் வந்து உட்கார மனம் கொள்ளும்வரை மேலத்தெருக் கோயிலில் அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து இல்லை என்றும் அறிவித்தார். சபை மன்றத்தில் அதற்கு எழுந்த எதிர்ப்பு கொஞ்சமல்ல. மேலிடத்துக்கு மனுக்கள் போயின. அவர் அசையவில்லை. அந்த முடிவு இல்லாவிட்டால் மேலத்தெருவில் ஒருவருக்கும் நடந்தது தங்கள் காரியம் என்று உறைத்திருக்காது என்பது இன்றும் என் எண்ணம்.

கீழத்தெருவுக்கு ஐயரும் அவர் மனைவி ஐயரம்மாவும் ஐயருக்கு உதவியான உபதேசியாரும் நானும் போய்வரத் தொடங்கினோம். பல மாதங்கள் வேதத்தைத் திறக்கவே இல்லை. அவர்களுக்கு அப்போது தேவைப்பட்டவை வேறு: இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அரசு நிவாரணத்துக்கான மனு, எரிந்துபோன ரேஷன் கார்டுக்கு மாற்று, பயந்து பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை மறுபடி கொண்டுவந்து சேர்ப்பது. இவற்றுக்காகத் தாலுகா அலுவலகத்தில் மேலத்தெருக்காரர் ஒருவர் கீழத்தெருக்காரரோடு பெஞ்சில் காத்துக்கிடப்பதை ஊர் பார்த்தது. எந்தப் பிரசங்கத்தையும்விட அது அதிகம் பேசியது. இந்த ஊழியத்துக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: இழவு வீட்டில் ஆறுதல் வசனத்தைவிட, அலையக்கூடிய கால்களுக்கும் தெளிவாக மனு எழுதத் தெரிந்த கைக்கும் மதிப்பு அதிகம். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால் அவர்கள் வீட்டுச் செம்பிலேயே வாங்கிக் குடிக்க வேண்டும். பையில் தண்ணீர்ப் பாட்டிலை வைத்துக்கொண்டு கீழத்தெருவுக்குள் போகிறவர், என்ன பேசினாலும் திரும்பி வரும்போது அந்தப் பாட்டிலைப் பற்றித்தான் பேச்சு நடக்கும்.

அடுத்து வந்தது வழக்கு. சபையிலேயே செல்வாக்குள்ள சிலர், "சமாதானம்னு ஆயிட்டா கேஸையும் முடிச்சிரலாமே" என்று பேசத் தொடங்கினார்கள். ஐயர் ஊழியம் செய்வதாக நினைத்துச் சாட்சிகளின் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். இரு தரப்பும் கூடிப் பேசி முடித்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கும் குற்றங்களில் கொலை இல்லை. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களும் இல்லை. ஆகவே நடைமுறையில் கேஸை முடிப்பது என்றால் சாட்சிகளைப் பிறழ்சாட்சி ஆக்குவது என்றுதான் பொருள். மேடையில் ஒப்புரவைப் பேசிவிட்டு, பின்வாசலில் பொய்ச்சாட்சிக்குத் தரகு செய்வது பத்துக் கற்பனைகளில் ஒன்றை நேராக மீறுவது. அன்றைக்கு எங்களிடம் நல்ல முன்மாதிரி கையில் இல்லை. 1999 ஜனவரியில் ஒரிசாவின் மனோகர்பூரில் ஆஸ்திரேலிய மிஷனெரி கிரகாம் ஸ்டெயின்ஸும் அவருடைய இரண்டு மகன்களும் வண்டிக்குள் எரித்துக் கொல்லப்பட்டபோது, அவர் மனைவி கிளாடிஸ் ஸ்டெயின்ஸ் அம்மையார் கொன்றவர்களை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். தொழுநோயாளர் பணியை விட்டுப் போகாமல் சில ஆண்டுகள் அங்கேயே இருந்தார். வழக்கோ தன் வழியில் நடந்து, முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை 2011-இல் உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. மன்னிப்பு அவருடைய மனதின் காரியம், தண்டனை அரசின் காரியம். இந்த இரண்டையும் கலந்து குழப்புகிறவர்களுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015-இல் செய்த திருத்தம், பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்பையும் வழக்கின் போக்கை அறியும் உரிமையையும் கொடுத்திருக்கிறது. ஊழியர்கள் கட்டாயம் படித்துவைத்துக்கொள்ள வேண்டிய பகுதி அது.

குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகளுக்கும் நாங்கள் போனோம். இதைக் கீழத்தெருவிடம் மறைக்கவில்லை. மறைத்திருந்தால் ஒரே நாளில் எல்லாம் கெட்டிருக்கும். பாளையங்கோட்டை மத்திய சிறையில் மனுப் போட்டு மகனைப் பார்த்துவிட்டு வரும் ஒரு தாய், ஊர் தன்னை ஒதுக்கவில்லை, தாங்கத்தான் செய்கிறது என்பதாலேயே கூசிப்போய்க் கிடந்தாள். இறந்தவன் வீட்டுக்குத் தான் போய் நிற்க வேண்டும் என்று அவளாகச் சொன்னாள். நாங்கள் உடனே அழைத்துப் போகவில்லை. கீழத்தெருத் தாயிடம் ஐயரம்மா கேட்டார், வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். நெடுநாள் கழித்து அந்த வீட்டு மருமகள் மூலமாக, "வரணும்னா வரட்டும்" என்று சொல் வந்தது.

அன்று நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். மேலத்தெருத் தாய் கையில் பழமோ பலகாரமோ கொண்டுவரவில்லை, வாசலில் நின்றாள். உள்ளே வா என்றோ உட்கார் என்றோ யாரும் சொல்லவில்லை. தப்புப் பண்ணிட்டான் என்று தொடங்கியவளுக்கு மேலே பேச்சு வரவில்லை. கீழத்தெருத் தாய் சுளகில் கிடந்த அரிசியைப் புடைப்பதை நிறுத்தாமல், "நீ மனு போட்டாவது உம் பிள்ளையப் பாத்துட்டு வார. நான் எங்க போயிப் பாக்க?" என்றாள். அதுவரை மேலத்தெருப் பெண்களை 'நீங்க' என்றே அழைத்துவந்தவள் அன்று 'நீ' என்றாள். வந்தவள் அதை ஏற்று நின்றாள். பிறகு இருவரும் பேசவில்லை. நாங்கள் ஜெபம்கூடச் செய்யாமல் திரும்பிவிட்டோம். இதைக் கேள்விப்பட்ட வெளியூர்க் கன்வென்ஷன்காரர்கள், இரண்டு தாய்மாரையும் மேடையேற்றிச் சாட்சி சொல்ல வைக்கலாமா என்று ஆள் அனுப்பினார்கள். ஐயர் முடியாது என்று சொல்லிவிட்டார். அந்த வாசலில் நடந்தது மன்னிப்பா இல்லையா என்று எங்களுக்கே தெரியாதபோது, அதை எடுத்து மற்றவர்களுக்கு விருந்து வைக்க எங்களுக்கு ஏது உரிமை?

நஷ்டத்தைத் திருப்பிக் கொடுப்பதில் சபைகள் பெரும்பாலும் கோட்டைவிடுகின்றன. வரி வசூலித்த சகேயு மனந்திரும்பிய கதையை ஓய்வுநாள் பாடசாலையில் மரமேறும் பாட்டோடு முடித்துவிடுகிறோம். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்துகிறேன் என்று அவன் சொன்ன பகுதியில்தான் கதையே இருக்கிறது. எங்கள் ஊரில் உடைந்த ஓடு, எரிந்த படப்பு, இறந்துபோன ஆடு எல்லாவற்றையும் உபதேசியார் வீடுவீடாகக் கணக்கெடுத்தார். பேராயரின் நிர்வாகமான திருமண்டலத்திடம் கேட்டிருந்தால் உதவி கிடைத்திருக்கும். ஐயர் கேட்க விடவில்லை. அந்தப் பணம் மேலத்தெருவின் சொந்தப் பையிலிருந்து வர வேண்டும் என்றார். அந்த வருஷத்து அறுப்பின் பண்டிகைக் காணிக்கை முழுவதும் அதற்கே போயிற்று. அது போதாமல் தலைக்கட்டுவரி போட்டோம். கொடுக்க மறுத்தவர்களும் உண்டு. ஓடு கொண்டுவந்து இறக்கிய அன்று கூரையேறி வேய்ந்தவர்களில் மேலத்தெரு இளைஞர்களும் இருந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சிக் காலக் கொடுமைகளைப் பற்றிப் பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் 1996 முதல் நடந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைய விசாரணைகளை உலகமே பாராட்டியது; உண்மையை முழுக்க ஒப்புக்கொண்டவர்களுக்குப் பொதுமன்னிப்பு முதலில் கிடைத்தது, பாதிக்கப்பட்டவர்களுக்கான ஒருமுறைத் தொகையான தலா 30,000 ராண்டு 2003-இல்தான் அறிவிக்கப்பட்டது. அந்தத் தாமதத்தால் அங்கே எழுந்த கசப்பைப் படித்தபோது, எங்கள் ஐயர் கூரை ஓடுகளுக்கு அவசரப்பட்டது எவ்வளவு சரி என்று விளங்கியது.

சமாதானம் எந்த அளவுக்கு வந்திருக்கிறது என்பதை நான் அசனப் பண்டிகையில் பார்த்துக்கொள்வேன். நெல்லைச் சீமைச் சபைகளில் ஊரே கூடிச் சமைத்து ஊரே உண்ணும் நாள் அது. கலவரத்துக்கு முன்பே எங்கள் அசனத்தில் ஒரு வழக்கம் இருந்தது: கீழத்தெருவினர் விறகு பிளப்பார்கள், அண்டா கழுவுவார்கள், கடைசியில் தூக்குவாளியில் சோறு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். பந்தியில் உட்காரக் கூடாது என்று யாரும் சட்டம் போட்டதில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. கலவரத்துக்குப் பிறகு நடந்த முதல் அசனத்தில் ஐயர் செய்த ஒரே மாற்றம், குழம்பு அண்டாவின் பொறுப்பைக் கீழத்தெருப் பெண்களிடம் ஒப்படைத்தது. உப்புப் பார்க்கும் அகப்பை அவர்கள் கையில். அன்று மேலத்தெருவிலிருந்து தூக்குவாளிகள் வந்தன. சோறு மட்டும் வாங்கிக்கொண்டு, குழம்பு வேண்டாம், வீட்டில் இருக்கிறது என்றார்கள். ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. கீழத்தெருப் பிள்ளைகளுக்கு நடுவே இலை போட்டு உட்கார்ந்து, குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வருஷத்துக்கு வருஷம் மேலத்தெருத் தூக்குவாளிகள் குறைந்தன. இன்றும் ஒரேயடியாக இல்லாமல் போய்விடவில்லை.

திருவிருந்து மறுபடி தொடங்கிய நாளும் அப்படிப்பட்டதே. 1947 செப்டம்பர் 27-இல் உருவான தென்னிந்தியத் திருச்சபை, 1950-இல் வெளியிட்ட ஆராதனை முறையில், சுரியானி சபைகளின் வழக்கத்தைத் தழுவி, சமாதானத்தைக் கையோடு கை சேர்த்து ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கும் முறையைச் சேர்த்தது. ஒரே தெருவார் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டிருந்தவரை அது வெறும் சடங்கு. இரண்டு தெருக் கைகளும் சேர வேண்டிய நாளில், சிலர் கையை மடக்கிக்கொண்டு தலையை மட்டும் அசைத்தார்கள், அதையும் பார்த்தேன். கட்டாயப்படுத்தாமல் விட்டது நல்லது. கட்டாயத்தில் நீண்ட கை, கோயில் வாசலைத் தாண்டியதும் பழையபடி மடங்கிவிடும்.

ஊரைச் சமாதானப்படுத்தப் புறப்படும் சபை தன் வீட்டுச் சுவரைப் பார்க்க வேண்டும். வடக்கன்குளத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்து உட்கார வைத்த சுவரோடு கூடிய கத்தோலிக்கக் கோயில் இருந்ததும், 1910-இல் குருவான கௌசானல் சுவாமிகள் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டதும், அதை எதிர்த்துச் சபையாரே நீதிமன்றம் போனதும் இந்தப் பக்கத்தில் பலருக்குத் தெரிந்தவை. அதே 1910-இல்தான், வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில் எழுந்து, மேல்நாட்டு மிஷனெரிகளிடம் தியாகம் கண்டோம், நட்பைத் தாருங்கள் என்ற பொருளில் பேசினார். வெள்ளைக்காரரிடம் நாம் கேட்டதைப் பக்கத்துத் தெருக்காரருக்கு நாம் கொடுத்தோமா என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. சுவர் உள்ளிருக்கும் சபை ஆபத்து வேளையில் என்ன ஆகும் என்பதற்கு ருவாண்டாவைப் பார்த்தால் போதும்: 1994-இல் இனப்படுகொலையின்போது அடைக்கலம் தேடி ஜனங்கள் ஓடிய ந்தராமா, ந்யமாதா ஆலயங்களிலேயே அவர்கள் கொல்லப்பட்டார்கள், அவை இன்று நினைவிடங்கள். கொன்றவர்களிலும் ஞானஸ்நானம் பெற்றவர்கள் இருந்தார்கள்.

இறந்தவனின் பெயரைச் சொல்வதிலும் எங்கள் சபையில் வாக்குவாதம் நடந்தது. வருஷம்தோறும் அவன் நினைவுநாளை ஒட்டிய ஞாயிறு ஜெபத்தில் பெயர் சொல்லி அவன் குடும்பத்துக்காக மன்றாட வேண்டும் என்று கீழத்தெரு கேட்டது. பழைய புண்ணைக் கிளறாதீர்கள் என்று மேலத்தெருவில் சிலர் சொன்னார்கள். பெயர் சொல்வது என்றே முடிவாயிற்று. பிற்பாடு, 2011 ஜனவரியில் இலங்கையில் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு ஆண்டகை, அரசாங்கத்தின் கணக்குகளைக் கொண்டே, போரின் முடிவில் கணக்கில் வராத 1,46,679 பேர் என்னவானார்கள் என்று கேட்டதை வாசித்தேன். ஆணைக்குழுவின் பெயரிலேயே நல்லிணக்கம் இருந்தது. காணாமற்போனவர்களைக் கணக்கில் சேர்க்காமல் அதைப் பேசக் கூடாது என்றுதான் அவர் அங்கே போனார் என்று எனக்குத் தோன்றியது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரண்டு தெருவிலும் பாதிக்குமேல் இந்துக்கள். கூரை வேய்ந்ததும் மனு எழுதியதும் அவர்களுக்கும் சேர்த்தே நடந்தது. அதைச் சாக்காக வைத்து எவரையும் கோயிலுக்கு அழைக்கக் கூடாது என்று ஐயர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 1982-இல் மண்டைக்காட்டில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் கலவரம் நடந்தபோது, சைவ மடத்தின் தலைவரான குன்றக்குடி அடிகளார் கிறிஸ்தவ மீனவர்களின் குடியிருப்புகளுக்குத் தாமே போய் ஆறுதல் சொன்னார். அவர் யாரையும் சைவராக்கப் போகவில்லை. அம்மன் கோயில் கொடை விழாவுக்கு வரி பிரிப்பவரையும் தர்மகர்த்தாவையும் எங்கள் சமாதானப் பேச்சில் முதலிலிருந்தே உட்கார வைத்ததால், கொடை ஊர்வலம் கீழத்தெரு வழியாகப் போகும்போது ஒலிபெருக்கியில் போடும் பாட்டைப் பற்றிக்கூட முன்கூட்டியே பேசித் தீர்க்க முடிந்தது. சின்னக் காரியம்தான், இப்பக்கத்தில் பல கலவரங்கள் அந்தப் பாட்டில்தான் தொடங்குகின்றன.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனையும் தடுக்கப்போன அவன் தங்கையையும், உடன்படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். செய்தி வந்த இரவு எங்கள் ஊரில் பலர் தூங்கவில்லை. அதை ஒட்டி அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பள்ளியில் தடுக்க வேண்டும், பள்ளிகளின் பெயர்களிலிருந்து சாதியை எடுக்க வேண்டும் என்றெல்லாம் பரிந்துரைத்தது. கயிற்றை ஆசிரியர் அறுக்கலாம். மறுநாள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வருவான். ஆகவே எங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளியை இப்போது ஒரு வருஷம் மேலத்தெருவிலும் மறுவருஷம் கீழத்தெருவிலும் நடத்துகிறோம். கீழத்தெருவில் நடக்கும் வருஷம் மேலத்தெருப் பிள்ளைகள் அங்கே போய்ச் சாப்பிட வேண்டும், அங்குள்ள வீடுகளில் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும். முதலில் பிள்ளைகளை அனுப்பாத வீடுகள் பல. பாட்டியும் தாத்தாவும்தான் தடுத்தார்கள், தாய்மார் அவ்வளவு தடுக்கவில்லை. பக்கத்துச் சேகரங்களிலிருந்து கேட்டு வருகிறவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: பெரியவர்களுக்கான கூட்டத்துக்குச் செலவழிப்பதில் பாதியையாவது இதற்கு ஒதுக்குங்கள்.

கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. நடுவிலுள்ள முள்வேலியை எடுத்துவிட்டு ஒரே வாசல் வைப்பது என்று சபை மன்றத்தில் தீர்மானம் போட்டாகிவிட்டது; தங்கள் முன்னோரின் கல்லறைகள் வேலியை ஒட்டி இருப்பதாகச் சொல்லி மூன்று குடும்பங்கள் தடுத்து நிற்கின்றன. அறுப்பின் பண்டிகைக்கு முன்பாக அந்த வீடுகளுக்குப் போய்ப் பேசும் பொறுப்பைப் பெண்கள் ஐக்கிய சங்கம் எடுத்திருக்கிறது. போகிறவர்களில் இரண்டு தெருப் பெண்களும் இருக்க வேண்டும் என்பது மட்டும் இப்போதைக்கு முடிவாகியிருக்கிறது.